வீடியோ இ.இ.ஜி. கண்காணிப்பு: தங்கைக்குச் செய்த பரிசோதனை பற்றிய மதிப்பீடு

சிங்கப்பூரில் உள்ள ஒரு பொது மருத்துவமனையின் வலிப்புக் கண்காணிப்புப் பிரிவில் என் தங்கை சில நாட்கள் தங்கிச் செய்துகொண்ட வீடியோ இ.இ.ஜி. பரிசோதனையைப் பற்றி, அதாவது மூளையின் மின்னலைகளையும் (இ.இ.ஜி.) நோயாளியின் படத்தையும் சேர்த்துப் பதிவுசெய்யும் பரிசோதனையைப் பற்றி எழுதுகிறேன். ஆண்டுக்கணக்கில் வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டும் குணம் காணாதவர்கள், நரம்பியல் மருத்துவர் பரிந்துரைத்தால், தயங்காமல் இந்தப் பரிசோதனைக்குப் போகலாம் என்பதே என் முடிவு. ஆனால் இதன் பயன் கருவியோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டில் வலிப்பைக் கண்ணால் கண்ட ஒருவர் அங்கே உடனிருப்பதும், வந்த முடிவை மருத்துவர் எடுத்துச்சொல்லும் விதமும் பாதிப் பயனைத் தீர்மானிக்கின்றன. முதலாவதை அந்தப் பிரிவு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது; இரண்டாவதில் குறை வைத்தது.

தங்கை பாலர் பள்ளி ஆசிரியை. படிக்கும் காலத்திலிருந்தே அவளுக்கு வலிப்பு வந்துபோகும். சில நேரங்களில் பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நின்றுபோகும். பார்வை ஓரிடத்தில் நிலைகுத்த, உதட்டைச் சப்பிக்கொண்டே உடுத்திய துணியை விரலால் நிமிண்டுவாள். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். வேறு சில நேரங்களில் கீழே சாய்ந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, கைகால்களை உதறியபடி வெகுநேரம் அடங்காமல் கிடப்பாள். இவை இரண்டும் ஒரே நோயின் சிறிய வடிவம், பெரிய வடிவம் என்றே மருத்துவக் குறிப்புகளில் இருந்தது. லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போனது. எரிச்சலும் களைப்பும் கூடினவே தவிர, அந்தப் பெரிய வலிப்பு குறையவில்லை. வழக்கமான இ.இ.ஜி.யும் எம்.ஆர்.ஐ. படமும் எந்தக் கோளாறையும் காட்டவில்லை. அந்த நிலையில்தான் அவளுடைய மருத்துவர், இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன்னால், வலிப்பு வரும் நேரத்திலேயே மூளையின் அலைகளைப் பதிவுசெய்து பார்த்துவிடலாம் என்றார்.

வழக்கமான இ.இ.ஜி. ஏன் போதாது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து, 1929-இல் அதை வெளியிட்டார். அடிப்படை இன்றும் அதுதான்: மூளை நரம்பணுக்கள் கூட்டாக எழுப்பும் மின்னழுத்தம் மண்டையோட்டையும் தோலையும் கடந்து வரும்போது வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகளாகத் தேய்ந்துவிடுகிறது, அதைத் தலைமேல் ஒட்டிய உலோக வில்லைகள் பிடித்துக் கருவிக்கு அனுப்புகின்றன. வழக்கமான பதிவு 20 முதல் 30 நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த அரை மணி நேரத்தில் வலிப்பு வருவது அரிது. வலிப்பு இல்லாத இடைவேளையில் தோன்றும் கூர்முனை அலைகளை வைத்துத்தான் மருத்துவர் ஊகிக்க வேண்டும். உண்மையிலேயே வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு முதல் பதிவில் அந்த அலைகள் தென்படுவதில்லை. மாறாக, வலிப்பு நோயே இல்லாத சிலருடைய பதிவில் ஐயத்துக்குரிய வடிவங்கள் தென்பட்டு, அவை நோய் என்று தவறாகப் படிக்கப்படுவதும் உண்டு. ஆகையால் 'இ.இ.ஜி. நார்மல்' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நிம்மதி அடையவும் கூடாது, நோயாளியைச் சந்தேகிக்கவும் கூடாது.

வீடியோ இ.இ.ஜி.யில் மூளையலை, இதயத் துடிப்பு, படம், ஒலி ஆகிய நான்கும் ஒரே கடிகாரத்தின்கீழ் இரவு பகலாகப் பதிவாகின்றன. கை உதறத் தொடங்கிய நொடியில் மூளையில் என்ன நடந்தது, அதற்குப் பத்து நொடிக்கு முன்னால் என்ன நடந்தது என்பதையெல்லாம் மருத்துவர் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். இதில் படத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை நான் அங்கே போன பிறகுதான் உணர்ந்தேன். கடும் நடுக்கத்தின்போது தசைகள் எழுப்பும் மின்னிரைச்சல் மூளையலைகளை மூடிவிடும். அப்போது கண்கள் திறந்திருந்தனவா மூடியிருந்தனவா, இரு கைகளும் ஒரே தாளத்தில் அசைந்தனவா மாறிமாறி அசைந்தனவா, தலை பக்கவாட்டில் ஆடியதா, இடையிடையே நின்று மறுபடி தொடங்கியதா என்பவற்றைப் படம்தான் சொல்லும். மூளையில் எழும் பெரும் வலிப்பில் கண்கள் பெரும்பாலும் திறந்திருக்கும். மூளையில் மின்கோளாறு இல்லாமலே, பார்ப்பதற்கு வலிப்பு போல வரும் தாக்குதலில், அதாவது மின்கோளாறு இல்லாத வலிப்பில், அவை பெரும்பாலும் மூடியிருக்கும். இவற்றில் எந்த ஓர் அடையாளமும் தனித்து நின்று தீர்ப்பாகாது. அலையோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் பொருள் தரும்.

இதயத் துடிப்பையும் பதிவுசெய்வதற்குக் காரணம் உண்டு. இரத்த ஓட்டம் சில நொடிகள் குறைந்து மயங்கி விழுபவர்களுக்கும் கைகால் வெட்டி இழுக்கும். பெர்லினில் தாமஸ் லெம்பர்ட்டும் அவருடைய குழுவினரும் உடல்நலம் உள்ளவர்களை ஆய்வுக்காக மயக்கமுறச் செய்து வீடியோவில் பதிவுசெய்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், முழுமையாக மயங்கிய 42 பேரில் 90 விழுக்காட்டினருக்கு அத்தகைய வெட்டுகள் இருந்தன. வரிசையில் நின்று மயங்கி விழுந்து இரண்டு முறை கை வெட்டியவரை உடனே வலிப்பு நோயாளி ஆக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இருப்பதால், இந்த ஆய்வைப் பலர் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி சேவைக்கு வருகிறேன். சிங்கப்பூரில் தேசிய நரம்பியல் கழகம், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிறார்களுக்குக் கேகே மகளிர் மற்றும் சிறார் மருத்துவமனை ஆகிய இடங்களில் இந்த வசதி உண்டு. நரம்பியல் மருத்துவரின் பரிந்துரை கட்டாயம். கண்காணிப்புக்கான கட்டில்கள் குறைவு என்பதால் காத்திருக்க வேண்டும். எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின. சேரும் நாளுக்கு முந்திய இரவு தலையை நன்றாக அலசி, தேங்காய் எண்ணெய், கண்டிஷனர் எதுவும் தடவாமல் வரச் சொன்னார்கள். தலைவழியாகக் கழற்ற முடியாது என்பதால் முன்புறம் பொத்தான் வைத்த சட்டைகளை எடுத்துச் செல்ல வேண்டும்.

வில்லைகளை ஒட்டிய தொழில்நுட்பர் ஒரு மலாய்ப் பெண்மணி. மூக்கின் மேல்முனையிலிருந்து பிடரி எலும்பின் மேடு வரைக்கும், ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் நாடாவால் அளந்து, அந்த நீளத்தில் 10 விழுக்காடு, 20 விழுக்காடு என்று பிரித்துப் புள்ளி வைத்தார். ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-இல் வகுத்துத் தந்த இந்த முறையை உலகம் முழுவதும் பின்பற்றுவதால், எங்கே எடுத்த பதிவையும் எங்கே உள்ள மருத்துவரும் படித்துவிட முடிகிறது. தங்கையின் அடர்ந்த கூந்தலை வகிடு வகிடாகப் பிரித்து, தோலைச் சிறிது தேய்த்து, கொலோடியன் பசையால் துணித்துண்டோடு ஒவ்வொரு வில்லையாக ஒட்டி முடிக்க வெகுநேரம் பிடித்தது. அந்தப் பசையின் நெடி கடுமையானது. ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு படியிலும் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லிச் செய்த அவருடைய பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். தினமும் வந்து, தளர்ந்த வில்லைகளைச் சரிசெய்துவிட்டுப் போனதும் அவர்தான். கழற்றும்போது அசெட்டோன் கலந்த திரவத்தால் கரைத்தார்கள். அதன் பிறகும் முடியில் பசைத்துகள் போக வீட்டில் மெதுவாக எண்ணெய் தடவிச் சீவ வேண்டியிருந்தது.

அறையில் கட்டிலை நோக்கிக் கேமரா இருந்தது. விளக்கை அணைத்தாலும் அகச்சிவப்பு ஒளியில் படம் பதிவாகும். கட்டிலின் பக்கக் கம்பிகளுக்கு மெத்தை உறை, அருகில் உயிர்வாயு, உறிஞ்சு குழாய், கையில் அவசர மருந்து செலுத்துவதற்கான ஊசிக் குழாய் என்று எல்லாம் ஆயத்தமாக இருந்தன. கட்டிலைவிட்டு இறங்கவேண்டுமானால் தாதியைக் கூப்பிட வேண்டும். கழிவறைக்கும் துணையோடுதான் போகலாம். கழிவறைக்குள் கேமரா இல்லை என்பதையும், உடை மாற்றும்போது திரையை இழுத்துக்கொள்ளலாம் என்பதையும், பதிவை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதையும் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொண்டோம். இளம்பெண்ணை இரவு பகலாகக் கேமராவின் முன் படுக்க வைப்பது பற்றி அம்மாவுக்கு இருந்த கலக்கம் நியாயமானது. அதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்ன தாதியரைப் பாராட்ட வேண்டும்.

வலிப்பு வருவதற்காகவே மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள் என்பதுதான் குடும்பத்தாருக்கு ஏற்கக் கடினமான பகுதி. தூக்கத்தைக் குறைப்பது, மூன்று நிமிடங்கள் வேகமாக மூச்சு விடச் சொல்வது, கண்முன் ஒளியை விட்டுவிட்டு மின்னச் செய்வது ஆகியவையும் உண்டு. இதில் ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். வலிப்பு அடுத்தடுத்து வரலாம், நீண்டுபோகலாம். பல நாடுகளின் 147 கண்காணிப்புப் பிரிவுகளிலிருந்து தகவல் திரட்டி 2013-இல் வெளியான ஆய்வு, இத்தகைய பிரிவுகளிலும் மிக அரிதாக உயிரிழப்பு நேர்ந்திருப்பதையும், அவற்றில் பெரும்பாலானவை இரவில், கண்காணிப்பு தளர்ந்த நேரத்தில் நேர்ந்தவை என்பதையும் எடுத்துக்காட்டியது. எனவே எந்த மருத்துவமனையாக இருந்தாலும், நள்ளிரவில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார், வலிப்பு தொடங்கினால் எவ்வளவு விரைவில் ஆள் வருவார் என்று நேராகக் கேளுங்கள். நாங்கள் இருந்த இடத்தில் திரைக்கு முன்னால் எப்போதும் ஒருவர் இருந்தார். பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் தாதி கட்டிலருகே நின்றார். என் மதிப்பீட்டில் இதற்குத்தான் மிக உயர்ந்த மதிப்பெண்.

முதலில் எதுவும் வரவில்லை. காசும் விடுப்பும் வீணாகிவிடுமோ என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. மாத்திரை குறைந்த பிறகு இரண்டு வகையும் வந்தன.

வலிப்பு வந்தவுடன் தாதி செய்த காரியத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். போர்வையை விலக்கி, விளக்கைப் போட்டு, கேமராவுக்குத் தெரியும்படி விலகி நின்றார். பெயரைச் சொல்லி அழைத்தார், கையைத் தூக்கச் சொன்னார், ஒரு பேனாவைக் காட்டி என்னவென்று கேட்டார், நினைவில் வைத்துக்கொள்ள ஒரு சொல்லைக் கொடுத்தார். தெளிந்த பிறகு அந்தச் சொல்லைத் திருப்பிக் கேட்டார். சுயநினைவு இருந்ததா, மொழி எப்போது திரும்பியது என்பது இதிலிருந்து தெரிகிறது. மூளையின் எந்தப் பக்கத்தில் வலிப்பு எழுகிறது என்பதற்குப் பேச்சு திரும்பும் நேரம் ஒரு முக்கியத் தடயம். முதல் முறை எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அடுத்த முறை மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்து பணியாற்றும் ஒரு தமிழ்த் தாதி இருந்தார். "தங்கச்சி, நான் சொல்றது கேட்குதா? வலது கையைத் தூக்கும்மா" என்று அவர் கேட்டார். வீட்டில் தமிழே பேசுபவர்களைத் தமிழில் சோதிப்பது முடிவை இன்னும் துல்லியமாக்கும்; முதியவர்களுக்கு இது இன்றியமையாதது. தமிழ் தெரிந்த தாதி பணியில் இல்லாத நேரத்துக்கு, வேண்டிய கட்டளைகளை உடனிருப்பவரே சொல்லலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

அம்மா அங்கே இருந்ததன் மதிப்பு அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு முறையும் மருத்துவர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் வருவது இதேபோலத்தானா, அம்மா?" என்பதே. வீட்டில் வருவது அல்லாத வேறொன்றைப் பதிவுசெய்துவிட்டு முடிவுகட்டினால் பரிசோதனையே தடம் மாறிவிடும். வலிப்பு நோய்க்கான உலக மருத்துவ அமைப்பான இன்டர்நேஷனல் லீக் அகெய்ன்ஸ்ட் எபிலெப்சியின் பணிக்குழு 2013-இல் வகுத்த படிநிலைகளிலும், நோயாளிக்கு வழக்கமாக வரும் அதே தாக்குதல் வீடியோ இ.இ.ஜி.யில் பதிவாகி, அனுபவமுள்ள மருத்துவரால் படிக்கப்பட்டால்தான் மின்கோளாறு இல்லாத வலிப்பு என்பது முழுமையாக உறுதியானதாகக் கொள்ளப்படும். வேலை காரணமாக உடனிருக்க முடியாதவர்கள் வீட்டில் கைப்பேசியில் எடுத்த காணொளியைக் கொடுத்தனுப்பலாம். முகமும் கைகால்களும் தெரியும்படி, தொடக்கத்திலிருந்து தெளியும் வரை எடுத்த காணொளி மருத்துவருக்குப் பெரிதும் உதவும். வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடுவதால் எந்தப் பயனும் இல்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒருவர் படம் எடுப்பது எவ்வளவோ மேல்.

பதிவில் தெரிந்தது இதுதான். நிலைகுத்திய பார்வையும் உதடு சப்புதலும் வந்த சிறிய வலிப்பின்போது இடது பொட்டுப் பகுதியில் அலைகள் சீரான தாளத்தில் எழுந்து பரவின. அது உண்மையான வலிப்பு நோய். கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் உதறிய பெரிய வலிப்பின்போது, நடுக்கம் சற்று ஓய்ந்த இடைவெளிகளிலெல்லாம், தலையின் பின்புறத்தில் நொடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும் ஆல்ஃபா அலை குலையாமல் ஓடிக்கொண்டிருந்தது. விழித்திருக்கும் மனிதர் கண்ணை மூடும்போது தோன்றும் அலை அது. மூளையில் மின்புயல் எதுவும் இல்லை. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று சிறப்பு நிலையங்களுக்கு அனுப்பப்படுபவர்களில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு மின்கோளாறு இல்லாத வலிப்பே இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. என் தங்கையைப் போல இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. எத்தனையோ ஆண்டுகளாக மாத்திரையின் அளவு ஏற்றப்பட்டது மாத்திரையால் தீராத ஒன்றுக்காக.

இந்த முடிவைச் சொன்ன விதத்தில்தான் எனக்குக் கடும் வருத்தம். காலைச் சுற்றில் வந்த ஓர் இளம் மருத்துவர், நின்ற நிலையில், ஆங்கிலத்தில், பெரிய வலிப்பு வலிப்பு அல்ல, மனநல மருத்துவருக்கு எழுதித் தருகிறோம் என்ற அளவில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மாவின் முகம் மாறியது. "அப்படின்னா இவ்வளவு நாளும் நடிச்சாளா?" என்று என்னிடம் கேட்டார். தங்கை அதைக் கேட்டாள். தலையெல்லாம் கம்பியோடு படுத்திருப்பவளின் காதில் விழக்கூடாத கேள்வி அது. அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அவருக்குக் கிடைத்த விளக்கத்திலிருந்து வேறு எதையும் அவரால் ஊகித்திருக்க முடியாது.

மறுநாள் மூத்த மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தங்கையின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு, பதிவை எங்களுக்குத் திரையில் காட்டினார். இது நடிப்பு அன்று, அவள் வேண்டுமென்று செய்வது அன்று, உடம்பு உண்மையாகவே அவள் கட்டுப்பாட்டை மீறிப் போகிறது, அந்த நேரத்தில் அவள் அனுபவிப்பது உண்மையான துன்பம் என்று தெளிவாகச் சொன்னார். தமிழ்த் தாதி அதை அம்மாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் எடுத்துச்சொன்னார். மன அழுத்தம், பழைய அதிர்ச்சி, அச்சம் ஆகியவை சிலருக்குக் காரணமாகலாம், சிலருக்கு அப்படி எதையும் சுட்டிக்காட்ட முடியாமலும் போகலாம் என்றார். இதற்கென்று பயிற்சி பெற்ற உளவியல் நிபுணரிடம் பேச்சுவழிச் சிகிச்சை பெறுவதே வழி என்றும், நரம்பியல் பிரிவு கைவிட்டுவிடாது என்றும் சொன்னார். முதல் நாளே இப்படிச் சொல்லியிருந்தால் அந்த ஓர் இரவு முழுவதும் தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதிருக்கமாட்டாள். முடிவைச் சொல்லும்போது மூத்த மருத்துவரும் மொழி தெரிந்த ஒருவரும் உடனிருக்க வேண்டும் என்பது இந்தச் சேவையின் எழுதப்பட்ட விதியாகவே ஆக வேண்டும்.

பரிசோதனைக்கு வரம்புகளும் உண்டு. தலைத்தோலில் ஒட்டிய வில்லைகளுக்கு ஒரு சமிக்ஞை எட்ட, மூளையின் மேலடுக்கான புறணியில் ஏறக்குறைய பத்துச் சதுர செண்டிமீட்டர் அளவுப் பரப்பு ஒன்றாக இயங்க வேண்டும். சுயநினைவு மாறாமல் வரும் மிகச் சிறிய வலிப்புகளும், மூளையின் முன்பகுதியான நெற்றிமடலின் ஆழத்தில் எழுந்து தூக்கத்தில் கைகாலை வீசவைக்கும் வலிப்புகளும் பதிவில் தெரியாமலே போகலாம். பின்னவை பார்ப்பதற்கு விசித்திரமாக இருப்பதால் மனம் சார்ந்தவை என்று தவறாக முத்திரை குத்தப்படும் அபாயமும் உண்டு. தங்கியிருக்கும் நாட்களில் எதுவுமே வராமல் வீடு திரும்புபவர்களும் இருக்கிறார்கள்.

செலவு, வார்டின் வகையையும் தங்கும் நாட்களையும் பொறுத்தது. பலதுறை மருந்தகத்தின் (அரசு பாலிகிளினிக்) பரிந்துரையோடு மானியம் பெறும் நோயாளியாகத் தொடங்குவது சுமையைக் குறைக்கும். உள்நோயாளியாகச் சேர்வதால் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு இரண்டையும் பயன்படுத்த வாய்ப்புண்டு. சேருவதற்கு முன்பே மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் மதிப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள். தமிழகத்திலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் தம்பிமாருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்களுக்கு முதலாளி எடுத்துவைக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதியின் ஆண்டு வரம்பு 2023 ஜூலை முதல் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளியாக உயர்த்தப்பட்டுள்ளது என்றாலும், திட்டமிட்டுச் செய்யும் இந்தப் பரிசோதனை அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். உயரத்தில் நின்று வேலை செய்யும் ஒருவருக்கு வலிப்பு நோயா, வெறும் மயக்கமா என்பது அவருடைய பிழைப்பையே தீர்மானிக்கும் கேள்வி.

தங்கையின் மருந்து இப்போது சிறிய வலிப்புக்கு உரியதாகத் திருத்தப்பட்டுள்ளது. கார்பமாசெபைன் என்ற வலிப்பு மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, முதலில் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணுவுக்கான இரத்தப் பரிசோதனை செய்தார்கள். அந்த மரபணு உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம் என்பதால், ஆசிய வம்சாவளியினருக்கு இதைப் புதிதாகத் தொடங்கும் முன் சோதிப்பது சிங்கப்பூரில் 2013 முதல் நடைமுறையாக உள்ளது. பெரிய வலிப்புக்கு உளவியல் நிபுணரிடம் போய்வருகிறாள். அது முன்பைவிடக் குறைந்திருக்கிறது, முற்றிலும் நிற்கவில்லை.

வீடு திரும்புமுன் ஒன்றை மட்டும் மறவாமல் கேட்டு வாங்குங்கள். இரண்டு வகை வலிப்பும் எப்படி இருக்கும், எதற்கு மருந்து கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்ட மருத்துவரின் கடிதம் அது. மின்கோளாறு இல்லாத நீண்ட வலிப்போடு அவசரப் பிரிவுக்குப் போகிறவர்களுக்கு, விவரம் தெரியாத நிலையில் மயக்க மருந்தை மேலும் மேலும் செலுத்தி, சுவாசக் குழாய் பொருத்தும் வரை போய்விடுவது நடக்கிறது. தங்கையின் கைப்பையில் ஒரு படி, அவள் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு படி, அம்மாவிடம் ஒரு படி என்று வைத்திருக்கிறோம்.